சாத்திய கதவுக்குள் முதல் எபிசோடு

கமலேஷ் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மரம் விழுந்தது, அவன் கீழே இருந்தான். அந்தச் சம்பவத்தில் இதற்கு மேல் கதை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானே திரைக்கதை எழுதியிருப்பேன்.

மஞ்சூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. அங்கே மட்டும்தான் போனில் நான்கு கோடு டவர் எடுக்கும். காதலிப்பவர்கள், பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்கள், கேஸ் சிலிண்டர் புக் செய்பவர்கள் எல்லோரும் மழையானாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அன்றைக்குப் பகல் பதினோரு மணிக்கு ஒரு ஜி.பி. இருநூறு எம்.பி. அளவுள்ள ஒரு வீடியோவை ஏற்றுவதற்காக கமலேஷ் அங்கே போய் நின்றான். நான்கு சதவீதம் ஏறியபோது கற்பூர மரம் சாய்ந்தது. போனில் ஒரு கீறல்கூட இல்லை. அவனைத் தூக்கியவர்கள் போனையும் எடுத்தார்கள். அப்போது ஆறு சதவீதம் ஆகியிருந்ததாம்.

அந்த வீடியோதான் எங்கள் தொடரின் முதல் எபிசோடு. கதை வசனம் நான், படம் முழுக்க அவன். ஊட்டியில் நாங்கள் படித்த கல்லூரியில் வகுப்பு நடந்த நாட்களைவிட மண்சரிவுக்கு விடுமுறை விட்ட நாட்கள் அதிகம் என்பதால் இதற்கு நேரம் கிடைத்தது. ஒரு வருடம் ஆனது. தொடரின் பெயர் ‘அண்டவெளி எஸ்டேட்’. முதல் காட்சிக்கு முன்னால் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று போட்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் வயது வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

கதை இதுதான். கி.பி. 2350. பூமியில் மண் செத்துவிட்டது, டீ மட்டும் வேண்டியிருக்கிறது. ஒரு கம்பெனி நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றி வேறொரு கோளில் இறக்கிக் கொழுந்து பறிக்க விடுகிறது. வீடு தருவதாகச் சொல்கிறது. இருநூறு வருடம் கழித்து ஒரு அதிகாரி வந்து, நீங்கள் எந்தக் கோளின் குடிமக்கள் என்று கேட்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கதாநாயகன் வேலைக்குப் போகாமல் ராக்கெட் செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய அப்பா ஒரு பழைய ரோபோ. இருபத்திரண்டு நிமிடத்திலும் அவருக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. கமலேஷின் அப்பா நல்லசாமி குந்தா பக்கம் அணைவேலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர். அவருக்கும் வீட்டில் யாரும் வசனம் எழுதியதில்லை.

அந்தக் கோளை ஆள்கிறவள் ஆறு கையுள்ள ஒரு ராட்சசி. ஒரு கையில் துடைப்பம், ஒன்றில் கரண்டி, ஒன்றில் போன், மீதி மூன்றில் கொழுந்து கிள்ளுகிறாள். தூங்குவதே இல்லை. தினமும் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடும்போது கோளே அதிரும்படி கத்துகிறாள்.

அவள் வசனத்தை மட்டும் நான் எழுதவில்லை. கமலேஷ் தன் அம்மா மூக்கம்மா திட்டுவதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். ‘பேய் 1’ முதல் ‘பேய் 43’ வரை. அந்தக் குரலைத் தடிமனாக்கி ராட்சசியின் வாயில் வைத்தான். நான் ஆறு தடவை எழுதிப் பார்த்த காட்சியை ‘பேய் 12’ ஒரே வாக்கியத்தில் முடித்தது: “உன்னப் பெத்ததுக்கு ரெண்டு தேயிலச் செடி நட்டிருந்தா இன்னேரம் கொழுந்தாவது கிள்ளியிருப்பேன்.”

“உலகம் பூராப் பாக்கட்டும்டா,” என்பான் கமலேஷ். “எங்கம்மா காதுல மட்டும் விழக்கூடாது. அது என்னைய அடிக்காது. அழுதுரும். அதுக்குத்தான் பயமா இருக்கு.”

விழாது என்று சொல்லியிருந்தேன்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நல்ல போட்டோ தேட அவனுடைய போனை என்னிடம் கொடுத்தார்கள். நல்ல போட்டோ இல்லை. எல்லாவற்றிலும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அதில்தான் முடிந்த எபிசோடை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். முழுசாக என்றும் சொல்ல முடியாது, இருபத்தொன்றாவது நிமிடம் வரைக்கும். கதாநாயகன் கோளை விட்டுக் கிளம்பும் அந்த இடத்துக்கு அவன் புதிதாக ‘பேய் 43’-ஐப் போட்டிருந்தான். பதிவு செய்த நேரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால்; வழியில் எங்கோ உட்கார்ந்து போனிலேயே சேர்த்திருக்க வேண்டும். பின்னால் தகரக் கூரையில் மழை கேட்கிறது. மூக்கம்மா சொல்கிறார்: “இந்த மழையில எங்கடா போற? போய்த் தொல. எங்கயாவது போய்த் தொல.”

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

காரணம், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் மூக்கம்மா ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். “போறப்ப, பாத்துப் போய்ட்டு வாப்பான்னுதான் சொன்னேன். வாசல்ல நின்னு சொன்னேன்.” முதல் நாள் இவ்வளவுதான். ஐந்தாம் நாள் அதில் ஒரு குடை சேர்ந்தது. பத்தாம் நாள் தலையைத் துவட்டிவிட்டதும் சேர்ந்துவிட்டது. யாரும் சாட்சி கேட்கவில்லை. சாட்சி என் சட்டைப் பையில் இருந்தது, சார்ஜோடு.

பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கருமாதி வரைக்கும் அந்தப் பதினாறு நாளும் அவர் அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படியோ, எல்லாம் அப்படி இருந்தது.

“கீர்த்தி தம்பி, தேத்தண்ணி குடிக்கிறியா?”

“வேண்டாங்கம்மா.”

“ஒரு வருசமா ராவும் பகலுமா என்னமோ பொம்மப் படம் வரஞ்சானே. முடிச்சிட்டானா?”

“முடிச்சிட்டானுங்க.”

“கருமாதிக்கு அவனுக்குப் பிடிச்சதெல்லாம் எலையில வைக்கணும்னு சொல்றாங்க. சோறு, கறி எல்லாம் வச்சிருவேன். அதெல்லாம் எங்க பிடிச்சிச்சு அவனுக்கு, பாதியில எந்திரிச்சுப் போயிருவான். அந்தப் படத்தத்தான் பிடிச்சிச்சு. எலைக்கு முன்னால அத ஓட விடுறியா?”

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். வாயில் வந்தது, “அது வயசுக்கு வந்தவங்க பாக்கறதுங்கம்மா,” என்பதுதான்.

“அவனுக்கு இருபத்தொண்ணு ஆச்சுல்ல,” என்றார்.

சில்வஸ்டரிடம் போனேன். மஞ்சூர் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். சாவுக்கும் சடங்குக்கும் பாக்ஸ் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுவான். எபிசோடில் பின்னணி இசை அவன்தான். ஏழாவது நிமிடத்தில் இரண்டு ரோபோக்கள் ஒரே சார்ஜரில் சேர்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் காட்சி வருகிறது. அதில் இரண்டு ரோபோக்களின் முனகலும் அவனுடையதுதான்.

கடையில் உட்கார்ந்து ஒரு சுத்தமான பிரதி தயார் செய்தோம். ராட்சசியின் வசனத்தையெல்லாம் எடுத்துவிட்டு நான் பேசினேன். கெட்ட வார்த்தை உள்ள இடங்களை வெட்டினேன், சார்ஜரை வெட்டினேன். இருபத்தொன்றாவது நிமிடத்திலிருந்து மொத்தமாக வெட்டினேன். ஒன்பது நிமிடம் மிஞ்சியது. கோபுரம் காட்டி முடியும் பக்திப் படம் மாதிரி இருந்தது.

“கமலேஷ் இதப் பாத்தான்னா எந்திரிச்சு வந்து ஒதப்பான்டா,” என்றான் சில்வஸ்டர்.

“வந்தா நல்லதுதான்,” என்றேன்.

பதினாறாம் நாளும் மழைதான். லைனில் நாற்பது பேர் இருந்தார்கள். சடங்கை நடத்தியவர் மாரப்பன் மேஸ்திரி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை எப்படி வரிசையில் நிறுத்துவாரோ அப்படியே சடங்கையும் நிறுத்துவார். முன்னறையில் வாழையிலை போட்டு பிரியாணி, முட்டை, கோழிக் குழம்பு, வர்க்கி எல்லாம் வைத்தார்கள். யாரும் பார்க்காதபோது சில்வஸ்டர் ஒரு சிகரெட் பாக்கெட்டையும் வைத்தான். மூக்கம்மா பார்த்துவிட்டார்.

“இது யாருது?”

“அவனோடதுதாங்கம்மா.”

பாக்கெட்டை எடுத்து இலையில் நேராக வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு தீப்பெட்டி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

இலைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் சில்வஸ்டரின் கடை லேப்டாப். மேஸ்திரி அதற்கும் விபூதி பூசினார்.

“ஏனுங் தம்பி, படம் எத்தன நேரமுங்க?”

“இருவத்திரண்டு நிமிசமுங்க.”

“பத்து நிமிசந்தான் கதவச் சாத்துறது. செரி, இருவத்திரண்டே சாத்தீரலாம். உள்ள ஆளிருந்தா அவனுக்குக் கூச்சமாப் போயிரும், உண்ண மாட்டான். நடுவுல யாரும் தொறக்கவும் கூடாதுங்க. தொறந்தா எந்திரிச்சுப் போயிருவான், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டான். சொல்லிப்போட்டேன்.”

இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பென்டிரைவில் இரண்டு பிரதியும் இருந்தன. சுத்தமானது, சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குக் காட்ட. ஆனால் சாத்திய கதவுக்குள் உட்கார்ந்து பார்க்கப் போகிறவன் கமலேஷ் ஒருத்தன். ஒரு வருடம் ஒவ்வொரு கையாக ஆறு கை வரைந்தவனுக்கு அந்த ஒன்பது நிமிடத்தைப் போட எனக்கு மனசு வரவில்லை. லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அசல் எபிசோடைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். சூடம் காட்டினார்கள். மேஸ்திரி கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளும் போட்டார்.

வாசலில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே சில்வஸ்டரின் பாக்ஸ் வைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்து அவனுடைய போனிலிருந்து சாமிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியதும் மரியாதைக்காக அவன் பாட்டை நிறுத்திவிட்டுப் போனை அணைத்தான். அந்த லேப்டாப்பும் அந்த பாக்ஸும் ஒரே கடையில் மூன்று வருடமாக ஒன்றாக இருக்கின்றன. ப்ளூடூத், வயர் வேண்டாம். பாக்ஸ் சும்மா இருந்தால் லேப்டாப் தானாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பாக்ஸ் ஒரு முறை கனைத்தது. பிறகு நாற்பது பேருக்கு முன்னால் ராட்சசி பேசினாள்.

“எந்திரிடா எருமை. பெரட்டு மணி அடிச்சு எம்புட்டு நேரம் ஆச்சு.”

குரலை எவ்வளவு தடிமனாக்கினாலும் வார்த்தை மாறாது. அந்த லைனில் பன்னிரண்டு வீட்டுக்கும் அலாரமே அந்த வாக்கியம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கம்மாவைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

சில்வஸ்டர் எழுந்து பாக்ஸ் பக்கம் போனான். கை சுவிட்சில் இருந்தது.

“அங்கனயே நில்லு,” என்றார் மூக்கம்மா.

“இல்லீங்கம்மா, இது தப்பா...”

“இருக்கட்டும். அவன் பாத்துக்கிட்டிருக்கான்ல. நிறுத்துனா அவனுக்கும் நின்னு போயிரும்.”

நிற்காது, பாக்ஸை அணைத்தால் சத்தம் மட்டும்தான் போகும். படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை அவருக்கு விளக்க நான் வாயைத் திறந்தேன். சத்தமில்லாத படத்தைச் செத்தவன் எப்படிப் பார்ப்பான் என்று அவர் கேட்பார். மூடிக்கொண்டேன். சில்வஸ்டர் பாக்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

போனை எடுத்து மணி பார்த்தேன். ஒன்று ஐந்து. ‘பேய் 43’ ஒன்று இருபத்தைந்துக்கு வரும்.

குடியுரிமை கேட்கும் அதிகாரியின் காட்சி வந்தது. சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்தவர்கள் நாலைந்து பேர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். “எங்களயும் மண்டபம் கேம்ப்புல இப்புடித்தான் நிக்க வச்சுக் கேட்டான்,” என்று ஒருவர் சொன்னார். “இம்புட்டு மரியாதையாக் கேக்கல,” என்றார் இன்னொருவர். ஏழாவது நிமிடத்தில் ரோபோக்கள் சார்ஜர் போட்டன. சில்வஸ்டர் குழாயில் ஒழுகும் மழைத்தண்ணீரைக் கவனமாகப் பார்த்தான். மேஸ்திரி மட்டும், “யாருக்கோ மேலுக்கு முடியல போல இருக்குதுங்க,” என்றார்.

‘பேய் 12’ வந்தபோது கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அது அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் தொற்றியது. மூக்கம்மா முகத்தில் எதுவும் இல்லை. நல்லசாமி தூணில் சாய்ந்து, மகனுடைய படத்தில் தனக்கு வசனம் வருமா என்று காத்திருக்கிறவர் மாதிரி பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா இதெல்லாம்?” என்று என்னிடம் கேட்டார் மூக்கம்மா.

“ஆமாங்கம்மா.”

“படத்துல எப்புடி இருக்கேன்?”

“ஆறு கை இருக்குதுங்க.”

யோசித்தார். “பத்தாது,” என்றார்.

ஒன்று இருபது. எனக்குச் செய்வதற்கு இரண்டே காரியங்கள் இருந்தன. கதவைத் திறக்கலாம், கமலேஷ் எழுந்து போய்விடுவான். அவன் உள்ளே இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் என் கை தாழ்ப்பாள் பக்கம் போகவில்லை. இல்லாவிட்டால் பாக்ஸின் கரண்ட் வயரைப் பிடுங்கலாம். பிடுங்கினால், எதற்கு இப்போது மட்டும் பிடுங்கினாய் என்று அவர் கேட்பார். பதினாறு நாளாக அவர் கட்டி வைத்திருப்பதை அவருக்கு முன்னாலேயே நான் இடிக்க வேண்டியிருக்கும். நாற்பது பேர் முன்னிலையில் அதை அவருடைய குரலே செய்யட்டும் என்று விடுவதும் சரியில்லை. சரியானது எதுவோ, அது அந்த வாசலில் இல்லை. எழுந்து பாக்ஸுக்குப் போனேன். குனிந்து வயரைப் பிடித்தேன்.

“கீர்த்தி தம்பி.”

திரும்பினேன்.

“என்னா வரப்போவுது?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரிந்துவிட்ட மாதிரி முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். “வயர விடு.”

விட்டேன்.

பாக்ஸில் மழை பெய்தது. விண்வெளியில் தகரத்தின் மேல் மழை. அவன் அதை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தான். எங்களுக்கு மேலேயும் அதே மழை பெய்துகொண்டிருந்ததால் எது எது என்று தெரியவில்லை.

“இந்த மழையில எங்கடா போற? போய்த் தொல. எங்கயாவது போய்த் தொல.”

இந்த முறை குரலைத் தடிமனாக்கவில்லை. மூக்கம்மாவின் குரல், அப்படியே. துக்கத்துக்கு வந்த எல்லோரும் அந்தக் குடையையும் துவட்டிய தலையையும் கேட்டவர்கள்தான். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

நான் நிறுத்தியிருந்த இடம் அதுதான். அதற்கு மேலும் ஓடியது. போனுக்குப் பக்கத்திலிருந்து கமலேஷின் குரல், செருப்பு மாட்டிக்கொண்டே பேசுகிறவன் மாதிரி வந்தது.

“தொலையிறேன் தாயே. வரும்போது பசிக்கும். என்னா கொழம்பு?”

பதில் இல்லை. மழை. கதவு சாத்தும் சத்தம். பிறகு சில்வஸ்டரின் கீபோர்டு, ராக்கெட் கிளம்பியது, பெயர்கள் ஓடியிருக்கும். பாக்ஸ் நின்றது.

மூக்கம்மா பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் ஏதாவது சொல்லும் என்பது போல.

“அப்படியா கேட்டான்?”

“ஆமாங்கம்மா.”

“எனக்குக் கேக்கல. தகரத்துல மழை.”

நிமிர்ந்து தார்ப்பாயைப் பார்த்தார்.

“கருவாடு,” என்றார், சாத்திய கதவைப் பார்த்து. பிறகு எங்களைப் பார்த்து, “அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு. எலையில அது வைக்கலியே.”

மாரப்பன் மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “கருமாதிக்குக் கருவாடு வெக்கிற வழக்கம் இல்லீங்க.”

“கேட்டுட்டுப் போயிருக்கான் மேஸ்திரி.”

மேஸ்திரி யோசித்தார். தோட்டத்தில் அவர் ஒரு வரிசை விட்டுப்போனால் திரும்பி வந்து பறிக்க வைப்பவர். “அப்படின்னா கதவத் தொறக்கப்படாது,” என்று முடிவு சொன்னார். “எலைக்கு ஒண்ணு பாக்கி இருக்குது. கொழம்பு வந்தப்புறந்தான் தொறக்கோணும்.”

நல்லசாமி எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு மஞ்சூர் ரோட்டில் இறங்கி நடந்தார். மூன்று கிலோமீட்டர். பசியோடு உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அவர் போவதைப் பார்த்தார்கள். கழுவிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு மறுபடி பற்றவைக்கப்பட்டது. எனக்கும் சில்வஸ்டருக்கும் ஆளுக்கு ஒரு படி சின்ன வெங்காயம் வந்தது. உரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்துக்குத்தான். எதற்கும் ஒரு முறை வெங்காயத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது.

இரண்டு மணி பஸ்ஸில் குந்தாவிலிருந்து தபித்தாள் அக்கா வந்து இறங்கினார். மூக்கம்மாவோடு முன்பு ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர். வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டதால் சாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை. நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியாப் போறப்ப புள்ளகிட்ட ஒரு வார்த்தையாவது பேசுனியா அக்கா?”

வாசலில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்தார்கள்.

“போய்த் தொலைன்னேன்,” என்றார் மூக்கம்மா, புளியைக் கரைத்துக்கொண்டே. “என்னா கொழம்புன்னு கேட்டான்.”